ஷட்டர் நின்ற கேமரா: தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டாரா?

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். சென்ற ஆவணியில் தஞ்சாவூர்க் கடை ஒன்றில் லென்ஸோடு சேர்த்து 92,000 ரூபாய்க்கு நடுத்தர ரக டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினேன். பில் என் ஸ்டூடியோ பெயரில் இருக்கிறது. வாரண்டி 2 வருடம். வைகாசியில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து திரையில் எர்ரர் காட்டி ஷட்டர் நின்றுவிட்டது. திருச்சி சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அங்கே கேமராவை வாங்கிக்கொண்டு கொடுத்த ஜாப் ஷீட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். சென்னைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, ‘உள்ளே ஈரம் போயிருக்கிறது, வாரண்டியில் வராது, 24,500 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். நான் இன்னும் பதில் போடவில்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாதாம். கேஸ் போடுவதானால் குருகிராமில்தான் போட வேண்டும் என்று வாரண்டி கார்டில் இருக்கிறது. லென்ஸிலும் லேசாகப் பூஞ்சை தெரிகிறது. எங்கள் போட்டோகிராபர் குரூப்பில் இதே மாடல் வைத்திருப்பவர்களில் மூன்று பேருக்கு இதே கோளாறு வந்திருக்கிறது. ஒருவர் மட்டும் நாலு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார். எல்லாரும் சேர்ந்து கேஸ் போடலாமா? கல்யாண வீட்டார் அட்வான்ஸ் 20,000 ரூபாயோடு நஷ்டஈடும் கேட்கிறார்கள். தாலி கட்டும் காட்சி என் வீடியோக்காரர் எடுத்ததில் இருக்கிறது. நான் கம்பெனியிடம் 5 லட்சம் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தம்பி, கேஸ் போடலாம். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். குருகிராமுக்கு ரயில் ஏற வேண்டாம். ஆனால் மனுவில் எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் உங்கள் கேஸ் நிற்கும். அந்த 5 லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் ‘தொழிலுக்கு வாங்கியவர்’ என்ற வாதம். சர்வீஸ் சென்டரில் சொன்னது பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றுதான் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. அந்த வழக்கின் எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம். அதனாலோ என்னவோ தமிழ்நாட்டு வக்கீல்கள் இதை மனப்பாடமாகவே சொல்வார்கள். 2024-ல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில், வணிக நோக்கம் என்று சொல்லும் எதிர்த்தரப்புதான் முதலில் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் நிரூபித்துவிட்டால்தான், இது என் சுயதொழில் என்று காட்டும் சுமை உங்கள் தலையில் வரும்.

ஸ்டூடியோ பெயரில் பில் இருப்பது பெரிய பள்ளம் இல்லை. தனி ஒருவர் நடத்தும் ஸ்டூடியோவுக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது, அது நீங்கள்தான். பில்லில் ஜிஎஸ்டி எண் போட்டு, கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்திருந்தால் மட்டும் எதிர்த்தரப்பு அதை வணிக நோக்கத்துக்கு ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு வரும். அப்படி ஏதும் இருந்தால் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது 5 லட்சத்துக்கு வருவோம். அந்தத் தொகையை நியாயப்படுத்த என்ன எழுதுவீர்கள்? மாதம் இத்தனை கல்யாணம், கைக்கு இத்தனை ஆயிரம், கேமரா நின்றதால் சீசனில் இத்தனை ஆர்டர் போயிற்று என்று. எதிர்த்தரப்பு வக்கீல் அதே பத்தியை எடுத்து, ‘பாருங்கள், எவ்வளவு பெரிய வியாபாரம், இவரா நுகர்வோர்?’ என்று கேட்பார். நஷ்டத்தை ஏற்ற ஏற்ற உங்கள் நுகர்வோர் தகுதி இறங்கிக்கொண்டே போகும். மனுவில் இவ்வளவு போதும்: வாரண்டிப்படி இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது 92,000 ரூபாயை வட்டியோடு திருப்ப வேண்டும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. இவை எல்லாமே பிரிவு 39-ல் ஆணையம் கொடுக்கக்கூடியவைதான்.

லென்ஸ் பூஞ்சையும் அப்படித்தான். உங்களுக்கு அது இன்னொரு குறை. அவர்களுக்கு அது பரிசு. ‘ஈரமான இடத்தில் வைத்திருக்கிறார், லென்ஸே பூத்துப் போயிருக்கிறது, ஷட்டர் மட்டும் எப்படித் தப்பும்?’ என்று உங்கள் மனுவைக் காட்டியே கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையே பூத்துப்போகிறது. லென்ஸில் பூஞ்சை வருவது நமக்கு அதிசயம் இல்லை, ஆனால் பூஞ்சையைப் பொதுவாக எந்த வாரண்டியும் எடுத்துக்கொள்வதில்லை. அதை நீங்களாக மனுவில் கிளப்ப வேண்டாம். விசாரணையில் அவர்கள் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். லென்ஸ் தனி, கேமரா பாடி தனி, கோளாறு பாடியில் என்று நேராகச் சொல்லுங்கள்.

கேஸின் உயிர்நாடி அந்த ஈரம்தான். பொருளில் குறை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஈரம் போனது என்று ஒரு காரணத்தைச் சொன்னவர்களும் அதற்கு ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்கள். நீங்கள் அனுப்பிய ஜாப் ஷீட்டின் படத்தைப் பார்த்தேன். திருச்சியில் கேமராவை வாங்கும்போது ‘ஷட்டர் வேலை செய்யவில்லை, எர்ரர் காட்டுகிறது’ என்று ஒரு வரி. பாடியின் நிலை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று டிக். கீழே அவர்கள் ஆளின் கையெழுத்து. ஈரம், கறை, துரு என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாள்தான் உங்கள் முதல் சாட்சி. அசலைப் பத்திரமாக வையுங்கள். வெயிலில் எழுத்து மங்கும் தாளாக இருந்தால் இன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

அடுத்து, கழற்றிப் பார்த்தபோது எங்கே ஈரம் கண்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஷட்டர் பகுதியிலா, பேட்டரி அறையிலா, சர்க்யூட் போர்டிலா? படம் எடுத்தார்களா? தண்ணீர் போயிருந்தால் செம்பு இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும், உப்புக் கறை இருக்கும். அது படத்தில் தெரியும். படம் இல்லை என்றால் அவர்கள் சொல்வது வெறும் வாய்வார்த்தை.

கேமராவோடு வந்த கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 0 முதல் 40 டிகிரி வெப்பம், 85 சதவீதம் வரை ஈரப்பதம் என்று பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் போட்டிருக்கும். ‘டெல்டாவில் மழைக்காலத்தில் அதைத் தாண்டும்’ என்று அவர்கள் வாதிடலாம். உங்கள் கேமரா நின்றது வைகாசியில். அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத வெயில். மழைக்காலம் முழுக்க ஓடிய கேமரா காய்ந்த கோடையில் ஈரத்தால் நின்றது என்றால் அதற்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஏ.சி. மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வந்தால் கண்ணாடி வியர்க்குமே என்று மடக்குவார்கள். அன்றைக்கு ஏ.சி. மண்டபமா, வாசலில் போட்ட பந்தலா என்பதை இப்போதே குறித்து வையுங்கள். நின்றதற்கு முன் எடுத்த கடைசிப் படத்தின் அசல் கோப்பையும் கார்டோடு எடுத்து வையுங்கள். நேரம் அதிலேயே பதிவாகியிருக்கும். சில கம்பெனிக் கேமராக்களில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற கணக்கும் அந்தக் கோப்பிலேயே கிடைக்கும். நடுத்தர ரகங்களுக்கு 1 லட்சம் முறை, 1.5 லட்சம் முறை என்று கம்பெனிகள் சோதனைக் கணக்குச் சொல்கின்றன. அது உத்தரவாதம் இல்லை. ஆனாலும் அதில் கால்வாசிகூட ஓடாமல் நின்றது என்று காட்டினால் ஆணையத்துக்கு விஷயம் புரியும்.

குரூப்பில் உள்ளவர்களின் அனுபவம் பற்றிக் கேட்டீர்கள். அது உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. ‘எனக்கும் இதேதான் ஆச்சு’ என்று வாட்ஸ்அப்பில் மூன்று பேர் போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்தால், எதிர்த்தரப்பு அதை ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடும். அதே மூன்று பேரும் பில், சீரியல் எண், ஜாப் ஷீட்டோடு பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் அது சாட்சியம். அவர்களில் யாருடையது நாத்து வயலில் விழுந்த கேமரா, யாருடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்று முதலில் சலித்து எடுங்கள். ஒரு சொத்தைச் சாட்சி மற்ற இரண்டையும் கெடுத்துவிடும். நாலு வருடமாக ஓட்டுகிறவர் இருப்பதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஒரு மாடல் முழுக்கக் கெட்டது என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, உங்கள் கையில் இருந்த ஒரு கேமரா போதும்.

கம்பெனியே ஒப்புக்கொண்ட கோளாறா என்பதையும் பாருங்கள். நிக்கான் டி600 2012-ல் வந்தபோது சென்சாரில் புள்ளி புள்ளியாகத் தூசி விழுகிறது என்று உலகம் முழுக்க வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். 2014-ல், வாரண்டி முடிந்திருந்தாலும் பரவாயில்லை என்று ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. டி750-க்கும் ஷட்டர் பிரச்சினைக்காக 2015-ல் சீரியல் எண் வாரியாக இலவசப் பழுது அறிவிப்பு வந்தது. உங்கள் கேமரா எந்தக் கம்பெனி என்று நான் இங்கே போடவில்லை. அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சீரியல் எண்ணுக்கு அப்படி ஏதும் அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கேஸே தேவைப்படாது.

எல்லாரும் சேர்ந்து கேஸ் போட பிரிவு 35(1)(இ) வழி விடுகிறது, ஆணையத்தின் அனுமதியோடு. எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஒருவர் பில் தொலைத்திருப்பார், ஒருவருக்கு வாரண்டி முடிந்திருக்கும், நடுவில் ஒருவர் கம்பெனியோடு சமாதானமாகிவிடுவார். உங்கள் கேஸ் அவர்களுக்காகக் காத்துக் கிடக்கும். தனித்தனியாகப் போடுங்கள், ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லுங்கள்.

குருகிராம் பற்றி ஒரே வரி: புகார்தாரர் குடியிருக்கிற அல்லது பிழைப்பு நடத்துகிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று பிரிவு 34(2)(ஈ) சொல்கிறது. வாரண்டி கார்டில் தொழில்முறைப் பயன்பாட்டுக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் தாக்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்டத்தில் எழுப்பினால் மனு அங்கேயே சிக்கும். ஸ்டூடியோ பெயரில் பில் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கு இது எதற்கு வாங்கப்படுகிறது என்று தெரியும், தெரிந்தும் இப்படி ஒரு விதி இருப்பதைச் சொல்லவில்லை என்று எழுதுங்கள். கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் வராதவர் மேல் பழி போட்டுவிட்டு வந்தவர் நழுவுவார்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று நடத்தலாம். காலக்கெடு 2 வருடம். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில், நீட்டித்தால் இன்னும் 15 நாளில் பதில் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. வழக்கை 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், அடுத்த சீசனுக்கு இந்தக் கேமராவை நம்ப வேண்டாம். மனு போடும் முன் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். கம்பெனிகள் சில நேரம் அதிலேயே இறங்கி வரும்.

கல்யாண வீட்டார் விஷயத்தில் நீங்கள்தான் எதிர்த்தரப்பு. காசு வாங்கி வேலை செய்கிறவர் தன் கருவி கெட்டது என்று தப்பிக்க முடியாது, அவர்களும் இதே ஆணையத்துக்கு வரலாம். தாலி கட்டும் காட்சி உங்கள் வீடியோக்காரர் எடுத்ததில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து படம் பிரித்து ஆல்பத்தில் சேர்த்துக் கொடுங்கள், அட்வான்ஸில் ஒரு பகுதியைத் திருப்புங்கள், பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி ‘இதோடு கணக்குத் தீர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படிக் கொடுத்த தொகையைக் கம்பெனியிடம் நஷ்டஈட்டில் கேட்கலாம், ரசீது இருந்தால் மட்டும்.

24,500 ரூபாய் எஸ்டிமேட்டுக்கு இன்னும் பதில் போடவில்லை என்கிறீர்கள். ‘சரி’ என்று அவசரப்பட்டு மெசேஜ் போட்டுவிடாதீர்கள். ஷட்டரை மாற்றிவிட்டால் பழைய பாகம் குப்பைக்குப் போகும், சாட்சியும் அதோடு போகும். பிரிவு 38(2)-ன்படி பொருளை முத்திரை வைத்து ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்கலாம், அதற்குக் கேமரா இப்போது இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும். ஆகவே இன்றே மெயிலிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘கட்டணப் பழுதுக்கு எனக்குச் சம்மதமில்லை. இனி எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம். ஈரம் கண்டதற்கான படங்களையும் டெக்னீஷியன் அறிக்கையையும் 15 நாளில் தரவும். கேமராவை எல்லாப் பாகங்களோடும் இருக்கிற நிலையிலேயே திருப்பித் தரவும்.’ கேமரா கைக்கு வரும்போது, அங்கேயே கவுண்டரில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே பார்சலைப் பிரித்துப் பாருங்கள். சீரியல் எண் சரியா என்று பார்க்காமல் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.