புதுநன்மைக்கு வயது போதுமா, பக்குவம் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பதின்மூன்று. பிரான்சில் குடியிருக்கும் என் அண்ணன் ஆகஸ்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறார். அப்போதே மகனுக்குப் புதுநன்மையும் மகளுக்கு உறுதிப்பூசுதலும் முடித்துவிட நினைக்கிறோம். மகனுக்குச் செபங்கள் முழுதாக மனப்பாடம் ஆகவில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார் மறைக்கல்வி ஆசிரியை. மகளோ தனக்கு வேண்டவே வேண்டாம் என்கிறாள். அண்ணன் மகளுக்கு அங்கே பன்னிரண்டு வயதிலேயே நடந்துவிட்டது. நாங்கள் என்ன செய்வது? (ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: மகனின் புதுநன்மையை, அதாவது அவன் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதை, பங்குத்தந்தை இசைந்தால், ஆகஸ்டிலேயே வைத்துக்கொள்ளலாம். திருமுழுக்கில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலை, மகளின் விஷயத்தில், அண்ணனின் விமான டிக்கெட்டோடு முடிச்சுப்போட வேண்டாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஏழு வயது நிறைந்த குழந்தைக்கு விவேகம், அதாவது பகுத்தறியும் திறன், வந்துவிட்டதாக அனுமானிக்கிறது (சட்ட எண் 97). அனுமானம் என்பதைக் கவனியுங்கள். சில குழந்தைகளுக்கு அது முன்னதாகவும் சிலருக்குத் தாமதமாகவும் வருகிறது. நற்கருணை வாங்கும் குழந்தை கிறிஸ்துவின் மறைபொருளைத் தன் வயதுக்கேற்ற அளவில் புரிந்துகொண்டு, விசுவாசத்தோடும் பக்தியோடும் அதை ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே சட்டம் கேட்பது (எண் 913). சாவு ஆபத்திலிருக்கும் குழந்தைக்கோ, அதைச் சாதாரண உணவிலிருந்து வேறுபடுத்தி அறிந்து மரியாதையோடு வாங்கத் தெரிந்தாலே போதும்.

இந்த வயதுகூட எளிதில் கிடைத்ததன்று. 1215இல் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் 'விவேக வயது' என்று பொதுவாகச் சொன்னதைப் பிற்காலத்தவர் பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று நீட்டிக்கொண்டே போனார்கள். திருத்தந்தை பத்தாம் பயஸ்தான் 1910 ஆகஸ்டு 8ஆம் தேதி வெளிவந்த ஆணையின் வழியாக அதை ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கொண்டுவந்து, மறையறிவு முழுமையாகவும் பிழையின்றியும் இருக்க வேண்டிய தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தினார். ஆகவே 'விசுவாச அறிக்கை'யில் நான்கு வரி தடுக்கினால் அதற்காகப் பையனை ஓராண்டு நிறுத்திவைப்பது என் பார்வையில் சரியன்று. இன்று மாலை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோயிலில் சாமியார் கொடுப்பது என்ன, வீட்டில் சாப்பிடும் ரொட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, அக்காவையோ நண்பனையோ அடித்துவிட்டால் மனதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவன் தன் சொந்த வார்த்தையில் சொல்வதே அவனுடைய ஆயத்தம். பிறகு ஆசிரியையையும் உடனழைத்துக்கொண்டு பங்குத்தந்தையைப் பாருங்கள். குழந்தையை ஆயத்தப்படுத்துவது முதலில் பெற்றோர் கடமை, ஆயத்தம் போதுமா என்று கண்காணிப்பது பங்குத்தந்தையின் பொறுப்பு (எண் 914). புதுநன்மைக்கு முன் அவன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்குத் தையற்கடையில் அளவு கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இனி மகள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது பெரும்பாலும் உறுதிப்பூசுதலாக இராது. 1910க்குப் பிறகு சிறுவயதிலேயே நற்கருணை கொடுக்கத் தொடங்கியபோதும், பழைய வயதில் நடந்துவந்த பெரிய விழாவைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிடவில்லை. 'கொம்யூனியோன் சொலனெல்' என்றும் பின்னர் 'புரொஃபெசியோன் த ஃபுவா' என்றும் பெயர் பெற்ற அந்தச் சடங்கு பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெள்ளை அங்கியோடும் மெழுகுவர்த்தியோடும் நடக்கும், ஆனால் அது உறுதிப்பூசுதலைப் போல அருட்சாதனம் (இறையருள் தரும் திருச்சடங்கு) ஆகாது. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்) குடும்பங்களின் ஆல்பங்களில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்குள்ள உறவினர்கள் உறுதிப்பூசுதல் என்று எடுத்துக்கொள்வது நம் ஊரில் நடப்பதுதான்.

உறுதிப்பூசுதலை விவேக வயதையொட்டியே கொடுக்கலாம் என்பது பொதுவிதி. ஆயர் பேரவை வேறு வயதைக் குறிக்கவும் சட்டம் இடம் தருகிறது (எண் 891). விவேகம் வந்தவர் போதிய பயிற்சியும் தகுந்த மனநிலையும் உடையவராக இருந்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைத் தாமே புதுப்பிக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும் (எண் 889). கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன 'விட்டுவிடுகிறேன்', 'நம்புகிறேன்' என்பவற்றை இப்போது அவள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பதால், கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்று ஆசைகாட்டிச் சம்மதிக்கவைப்பது அந்தச் சடங்கையே பொய்யாக்கிவிடும். அவள் எதை மறுக்கிறாள் என்று கேளுங்கள். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வெட்கமா, உறவினர் கூட்டமும் போட்டோவும் பிடிக்கவில்லையா, அல்லது உண்மையிலேயே விசுவாசத்தில் ஐயமா என்பதைப் பொறுத்து வழி வேறுபடும். முதல் இரண்டும் நீங்களும் பங்குத்தந்தையும் பேசி ஏற்பாடு செய்யக்கூடியவை. மூன்றாவதற்கு அவள் நம்பிப் பேசக்கூடிய ஒரு அருட்சகோதரியும் அவசரமற்ற காலமும் தேவை. உரிய காலத்தில் பெற வேண்டியதுதான் என்றாலும், தள்ளிப்போவதால் கதவு அடைபடுவதில்லை. திருமணத்துக்கு முன்கூட அதைப் பெறச் சொல்கிறது சட்டம் (எண் 1065). மேலும் அதை வழங்குபவர் வழக்கமாக ஆயர் என்பதால், நாளும் உங்கள் வசதியைப் பார்த்து அமையாது.

அவள் மனம் இசையும்போது மாமாவே ஞானத்தந்தையாக நிற்கலாம். பதினாறு வயது நிறைந்து, நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்று, விசுவாசத்துக்கேற்ற வாழ்க்கை நடத்துபவராக அவர் இருக்க வேண்டும் (எண் 874). பெற்றோர் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. அண்ணன் ஆகஸ்டில் வரும்போது தம் உறுதிப்பூசுதல் சான்றிதழின் நகலை அங்குள்ள பங்கிலிருந்து வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போகட்டும்.