கேட்காத பொருளுக்கு அம்மா பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் தனியாக இருக்கிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சென்ற மாதம் அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே மூட்டுவலி மாத்திரை மூன்று புட்டி, 168 வெள்ளிக்கு ஒரு பில். 14 நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதுவோம் என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் அனுப்பியதாக நினைத்து அம்மா ஒரு புட்டியைத் திறந்துவிட்டார். இப்போது கடன் வசூலிக்க ஆள் அனுப்புவோம் என்று தினமும் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார்கள். அக்கம்பக்கம் தெரிந்தால் மானம் போய்விடும், கட்டிவிடு என்று அம்மா அழுகிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

மௌனம் சம்மதம் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்வார்கள். வியாபாரத்தில் அது செல்லாது. சட்டம் படிக்கும் எல்லாரும் முதல் ஆண்டிலேயே படிக்கிற ஒரு வழக்கு உண்டு: 1862ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. சகோதரர் மகனின் குதிரைக்கு விலை பேசிய ஒருவர், 'உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்' என்று எழுதினார். பதில் வரவில்லை. ஆனாலும் குதிரை அவருடையது ஆகவில்லை என்றது நீதிமன்றம். உங்கள் அம்மாவின் பில்லில் இருக்கும் அந்தப் பொடி எழுத்து அதே கடிதம்தான். 14 நாள் என்று அவர்களே ஒரு கெடு வைத்துக்கொண்டால், அது உங்கள் அம்மாவைக் கட்டுப்படுத்தாது.

சிங்கப்பூர்ச் சட்டம் இதை இன்னும் தெளிவாகவே சொல்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் கீழ் 2009ல் வந்த விதிகளின்படி, கேட்காத பொருளை அனுப்பிவிட்டு, எழுத்தில் சம்மதம் வாங்காமல் அதற்கு விலை கேட்க முடியாது. கூரியர் நீட்டிய கருவியில் அம்மா விரலால் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அது பார்சல் வந்து சேர்ந்ததற்கு மட்டுமே அத்தாட்சி, வாங்கச் சம்மதித்ததற்கு அல்ல.

திறந்த புட்டிதான் உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. 'பயன்படுத்திவிட்டார், ஆகவே ஏற்றுக்கொண்டார்' என்று அவர்கள் வாதிடலாம். மகள் அனுப்பியது என்று நம்பித் திறந்தவர் யாரிடமும் எதையும் வாங்க ஒப்புக்கொள்ளவில்லை என்பதே நம் பதில். ஆனால் இனி அந்த மாத்திரையை அவர் தொடவே வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், புட்டியோடு பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். எனக்கு 168 வெள்ளியைவிட இதில்தான் கவலை அதிகம்.

அம்மாவிடம் ஒன்றைக் கோபப்படாமல் கேளுங்கள்: யாராவது போனில் கூப்பிட்டு 'இலவச சாம்பிள்' என்றார்களா? 'சரி' என்று சொல்லியிருந்தாலும், இலவசத்துக்குச் சொன்ன சரி விலைக்குச் சொன்ன சரி ஆகாது. மேலும், பரிவர்த்தனையின் தன்மையோ மொழியோ புரியாத ஒருவரின் நிலையைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்வது அதே சட்டத்தில் நேர்மையற்ற வியாபாரமாகும். எழுபது தாண்டிய, ஆங்கிலம் படிக்காத அம்மாவுக்கு ஆங்கிலப் பில் அனுப்பியவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். வாசலுக்கே வந்து விற்று, கையெழுத்தும் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் ரத்து செய்ய ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு.

இன்றே அவர்களுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'இந்தப் பொருளை என் தாயார் கேட்கவில்லை. எழுத்தில் சம்மதமும் தரவில்லை. பணம் செலுத்த மாட்டோம். உங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்லலாம்.' அதற்குமேல் வாக்குவாதம் வேண்டாம். பார்சல் பெட்டி, அதன் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு, பில், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பொருளைக் குப்பையில் போடாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள். தபாலில் திருப்பி அனுப்பக் கைக்காசு செலவழிக்காதீர்கள்.

மிரட்டல் நிற்காவிட்டால் காவல்துறையில் புகார் கொடுங்கள். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும். கடன் வசூல் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று 2022லேயே சட்டம் வந்துவிட்டது. யாராவது வாசலுக்கு வந்தால் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் பதியலாம். இது மோசடியோ என்று சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள். பார்சலில் கியூஆர் குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்யவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறக்காமல் பாருங்கள். சீட்டில் இருப்பது உண்மையிலேயே அம்மாவின் பெயரும் வீட்டு எண்ணும்தானா? பக்கத்து வீட்டுக்கோ வேறு புளோக்குக்கோ போக வேண்டியது தவறி வந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தெரிந்தே வைத்துக்கொள்வது குற்றமாகவும் ஆகலாம்.

இந்தத் தொகைக்கு அவர்கள் வழக்குப் போட்டால் பெரும்பாலும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில்தான் போட வேண்டியிருக்கும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் அங்கே வரும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. அப்படி அறிவிப்பு வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். குறித்த நாளில் அம்மாவோடு போய், நீங்கள் எடுத்து வைத்த படங்களைக் காட்டுங்கள்.