கண்புரை அறுவைக்குக் கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து, கண்ணுக்குள் ஏற்றும் மருந்து, வளையம்: எது மேல்?

பெரும்பாலான கண்களுக்குச் சொட்டு மருந்தே போதும். இந்தியாவில் வழக்கமாகப் போடுவது டிராபிகாமைடு 0.8%, ஃபினைலெஃப்ரின் 5% கலவை. முன்னது பாவையைச் சுருக்கும் தசையைத் தளர்த்தும். பின்னது விரிக்கும் தசையைத் தூண்டும். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, 10–15 நிமிடத்துக்கு ஒரு சொட்டாக மூன்று நான்கு தடவை விட வேண்டும். அவசரத்தில் இரண்டு சொட்டைச் சேர்த்து விடுவது வீண். இமைக்குள் ஒரு சொட்டே முழுதாக நிற்காது, மிச்சம் கன்னத்தில் வழியும். நம்மவர்களின் கறுத்த ஐரிஸில் (பாவையைச் சுற்றியுள்ள நிறத் திரை) நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரியக் கொஞ்சம் நேரமாகும். ‘விரியவே இல்லை’ என்று மேசைக்கு வரும் கண்கள் சிலவற்றில் குறை சொட்டு விட்ட நேரத்தில்தான்.

ரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவருக்கு 10% ஃபினைலெஃப்ரின் வேண்டாம், 2.5% போதும். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போவது குறையும்.

கூடவே விடும் ஃப்ளர்பிபுரோஃபென், கீட்டோரோலாக், நெபாஃபெனாக் போன்ற அழற்சி தடுப்புச் சொட்டுகள் பாவையை விரிப்பதில்லை; விரிந்தது சுருங்காமல் காக்கும். கருவி ஐரிஸில் பட்டாலே அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து பாவை சுருங்கத் தொடங்கும். முதலிலேயே 4 மி.மீ. என்றால் தயாராகப் போவோம். 7 மி.மீ. இருந்தது, லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியான நியூக்ளியஸை உடைக்கும்போது 4 ஆவதுதான் பெரிய தொல்லை. லென்ஸ் உறையில் வட்டமாகப் போட்ட திறப்பின் (ரெக்ஸிஸ்) விளிம்பே கண்ணில் படாது.

கண்ணுக்குள் ஏற்றும் மருந்தில் டிராபிகாமைடு 0.02%, ஃபினைலெஃப்ரின் 0.31%, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் 1% இருக்கும். துளை போட்டதும் 0.2 மி.லி. செலுத்தினால் அரை நிமிடத்தில் விரிவின் பெரும்பங்கு வந்துவிடும். காத்திருப்பு மிச்சம், உடம்பில் சேரும் மருந்தும் குறைவு. ஆனால் முந்தைய பரிசோதனையில் சொட்டுக்கு நன்றாக விரிந்த கண்ணுக்கே இது பொருந்தும். சொட்டுக்கு மசியாத கண்ணுக்கு இது மாற்று என்று நினைப்பது தவறு. மலிவான பழைய வழி, அறுவையின்போது கண்ணுக்குள் ஓடும் 500 மி.லி. கழுவு நீரில் 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. கலப்பது. பதப்பொருள் சேர்க்காத அட்ரினலின்தானா என்று குப்பியைப் பார்க்காமல் கலக்கக் கூடாது. பதப்பொருள் கருவிழியின் (கார்னியா) உள்ளடுக்குச் செல்களைக் கெடுக்கும்.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா என்று வெளிநோயாளர் பிரிவிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுபவரின் ஐரிஸ் துணி போலத் துவண்டு, துளை வழியே பிதுங்கி, பாவையும் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு வாரம் முன் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்பது நம்ப முடியாத தீர்வு. இங்கே பாவையை இழுத்து விரிப்பதும் பயன்படாது. ரப்பர் போல மீண்டும் சுருங்கிவிடும்.

பழைய அழற்சியால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் உதவாது. ஒட்டலைப் பிரித்து, பாவை விளிம்பில் சவ்வு இருந்தால் உரித்து, பிறகு பாவையை விரித்துப் பிடிக்கும் கொக்கியோ வளையமோ போடலாம். மால்யூகின் வளையம் 6.25, 7 மி.மீ. அளவுகளில் வருகிறது, முதன்மைத் துளை வழியே போகும், ஆனால் விலை அதிகம். கொக்கிகளுக்குத் தனித்தனித் துளைகள் வேண்டும். நான்கையும் வைர வடிவில் வைத்து, ஒன்றை முதன்மைத் துளைக்கு அடியில் அமைத்தால் அங்கே ஐரிஸ் மேலெழாது. அளவுக்கு மீறி இழுத்தால் தசை கிழிந்து, பாவை பிறகு சுருங்காமலே நின்றுவிடும், வெளிச்சம் கூசும். எதைப் போட்டாலும் ரெக்ஸிஸுக்கு முன்பே போட வேண்டும். பிறகு போட்டால் லென்ஸ் உறையின் விளிம்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் மீயொலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் ஃபேகோவுக்கு. தையலில்லாச் சிறு கீறல் முறையில் நியூக்ளியஸ் உடையாமல் முழுதாகப் பாவையைத் தாண்டி முன்னே வர வேண்டும். ஃபேகோவில் சமாளிக்கும் 5 மி.மீ. இங்கே போதாது. பாவை விளிம்பில் சில சிறு வெட்டுகள் போட்டு அகலப்படுத்தும் பழைய வழி இந்த முறையில் இன்னும் கைகொடுக்கிறது.