அம்மாவின் மாத்திரை

அன்புள்ள டாக்டர்,

சென்னை காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 29. ராத்திரி படுத்தால் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது ‘தொம்’மென்று இடிக்கிறது. ஈசிஜி, எக்கோ, 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் எல்லாம் எடுத்தாயிற்று. “எக்டோபிக்ஸ்தான் (நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும் துடிப்பு), பயப்படாதே” என்கிறார்கள். பயம் போகவில்லை. துடிப்புக் கோளாறில் எது ஆளைக் கொல்லும் என்று எழுதுவீர்களா? அம்மாவுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது) என்று எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் காய்ச்சல், மூட்டுவலி வந்து இதய வால்வு சுருங்கிவிட்டதாம். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததால் ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைப் போன மாதம் நிறுத்திவிட்டார். தொந்தரவு ஏதுமில்லை, மீன் விற்கப் போய்வருகிறார்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மா விஷயம், அதுதான் அவசரம். உங்களுடையதை முதலில் முடித்துவிடுகிறேன். எக்கோ சரியாக இருக்கும் இதயத்தில் எப்போதாவது வரும் எக்டோபிக் துடிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. தூக்கம் கெட்டாலும், டீ, சிகரெட் கூடினாலும் அதிகமாகும். மயங்கி விழுந்தாலோ, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ மட்டும் மறுபடி டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அம்மா. அவருடைய மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். இரண்டு துடிப்பு வேகமாக, ஒன்று தள்ளி, ஒன்று பலமாக, ஒன்று கைக்கே எட்டாமல் என்று கணக்கில்லாமல் ஓடும். மேலறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் நடுங்குவதால், சேர்ந்து சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதில்லை. இடது மேலறையில் சின்னப் பை போல ஒரு மூலை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

வால்வு சுருக்கமும் சேர்ந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே இதைக் காட்டியது: வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாத ஆபத்து 5 மடங்குக்கு மேல், மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு 17 மடங்கு. படபடப்பே தெரியாதவருக்கும் இது பொருந்தும். நெஞ்சு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்கவே முடியாது. உங்களுக்குச் சத்தம் அதிகம், ஆபத்து குறைவு. அம்மாவுக்கு நேர்மாறு.

ஈறில் ரத்தம் வந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து மாத்திரை அளவைச் சரிசெய்ய வேண்டும். அந்த எண் இவருக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டும். நம் பக்கம் இன்னொன்றையும் பார்க்கிறேன்: நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து மீன் விற்கிற அம்மாக்கள் முட்டிவலிக்கு மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் ரத்தம் கசியத்தான் செய்யும். அதை விசாரியுங்கள். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று அதை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இப்படி வால்வு கெட்டவர்களை வைத்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. ஐ.என்.ஆர். பார்த்துக் கொடுக்கும் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடம்தான் மரணம் குறைவாக இருந்தது.

கொல்லும் வகை கேட்டீர்கள். கீழறையில் கிளம்பும் வேகத் துடிப்பான வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா, அது முற்றிக் கீழறையே நடுங்கும் ஃபிப்ரிலேஷனானால் ஆள் சில நொடிகளில் சரிந்துவிடுவார். பெரும்பாலும் ஏற்கெனவே மாரடைப்பு வந்த இதயத்தில் வருவது. அப்போது 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு போய்ச் சேராத ஹார்ட் பிளாக்கில் துடிப்பு 30, 40-க்கு இறங்கித் தலைசுற்றி விழுவார்கள்; பேஸ்மேக்கர் வைத்தால் நடமாடுவார்கள். திடீரென்று 180-க்கு ஏறி, சுவிட்ச் அணைத்ததுபோல் நின்றுவிடும் எஸ்.வி.டி. பயமுறுத்தும், ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம்.

நாளைக் காலையிலேயே அம்மாவைப் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பழைய சீட்டு, எக்கோ ரிப்போர்ட், அவர் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். நிறுத்திய மாத்திரையை நீங்களாகப் பழைய அளவில் ஆரம்பிக்க வேண்டாம், அங்கே சொல்வார்கள். இடையில் வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே ஓடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.