கத்துக்குட்டிகளின் திகில் பாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போகிறேன். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?

ரத்தம், மண்டையோடு, சுடுகாடு என்று அடுக்கியதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. புதிதாக எழுதுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பாருங்கள். 'பூட்டிய அறைக்குள் கொலுசுச் சத்தம்' என்பது பழைய சரக்கு. 'அம்மா கொலுசைக் கழற்றி மூன்று வருஷம்' என்று மட்டும் சொல்லி, பின்னணியில் சலங்கை லேசாகக் கேட்டால் முதுகு சில்லிடும்.

அப்புறம் மெட்டு. சட்ஜத்திலிருந்து (அதாவது 'ஸ') பிரதி மத்திமம் (இரண்டு 'ம'க்களில் உயர்ந்தது) ஆறு அரைச்சுரம் தள்ளி, ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையிலான ஸ்தாயியின் நட்டநடுவில் நிற்கிறது. அந்த இடைவெளி காதை நிம்மதியாக உட்கார விடாது. மேற்கத்தியத் திகில் இசையிலும் இது வாடிக்கை. ஆனால் கட்டாயமில்லை. 1966இல் வந்த 'யார் நீ?' படத்தின் 'நானே வருவேன்' மென்மையான மெட்டுதான், பி. சுசீலா குரலில் அதை இருட்டில் தனியாகக் கேட்டுப் பாருங்கள்!

ஒலிப்பதிவுத் தரத்துக்குச் சொற்ப மதிப்பெண் போதும். பாட்டே பயமுறுத்துகிறதா என்று சந்தேகம் வந்தால், கதவு கிரீச்சிடும் ஓசையெல்லாம் இல்லாமல், வெறும் கிட்டாரோடு பாடச் சொல்லுங்கள்.