லண்டன் பிரிட்ஜ் பாட்டில் நரபலி இருக்கிறதா?

கேள்வி: யூ.கே.ஜி. படிக்கும் என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ‘லண்டன் பிரிட்ஜ் இஸ் ஃபாலிங் டவுன்’ பாட்டுக்கு ஆடப் போகிறாள். பாலம் நிற்பதற்காகக் குழந்தைகளை உயிரோடு புதைத்த கதைதான் அது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து என் மாமியார் அந்தப் பாட்டே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தாராளமாக ஆடட்டும். லண்டன் பாலத்தில் யாரையும் பலியிட்டதாக ஆதாரம் கிடையாது. 1209-இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய கல்பாலத்தை 1831-இல் புதுப் பாலம் திறந்த பிறகு இடித்தார்கள். அப்போதும் பலிக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு இந்தக் கதை எப்படி வந்தது? மரம், களிமண், செங்கல், இரும்பு, வெள்ளி, பொன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதுவும் நிலைக்காது என்று தள்ளிக்கொண்டே போகும் பாட்டு, இராமுழுக்கக் காவலுக்கு ஒருவனை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு வரும். நாட்டார் விளையாட்டுகளைத் தொகுத்த ஆலிஸ் கோம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, இந்தக் காவல்காரன் அடித்தளத்தில் பலியிடப்பட்டவனின் எச்சமாக இருக்கலாம் என்று 1894-இல் எழுதினார். அவருடைய ஊகத்தைத்தான் இன்று வரலாறு என்று பரப்புகிறார்கள்.

அதற்காக உங்கள் மாமியாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பாலம் பலி கேட்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. கிரேக்கத்தின் ஆர்த்தா பாலத்தைப் பற்றிய கதைப்பாடலில், கொத்தனார் தன் மனைவியையே தூணில் வைத்துக் கட்டுகிறார். நம் ஊர்களிலும் பாலவேலை தொடங்கினால் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருவார்கள் என்று பயந்த காலம் இருந்தது. ஆனால் ஆர்த்தா பாட்டு பலியை வெளிப்படையாகவே சொல்கிறது. லண்டன் பாட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

பாலம் விழுவதற்குப் பலிக்கதை தேவையும் இல்லை. 1176-இல் தொடங்கிய கட்டுமானத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1282-இல் பனிக்கட்டிகள் நெருக்கியதில் ஐந்து வளைவுகள் இடிந்து விழுந்தன. தீயும் பலமுறை பிடித்தது. ஓயாமல் பழுதுபார்க்கப்பட்ட பாலம் அது. ஆனாலும் இந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் பாட்டு பிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாட்டு அச்சேறியது 1744 வாக்கில்தான். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் அந்தந்த ஊர்ப் பாலத்தின் பெயரில் இதே போன்ற பாட்டுகள் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், பாட்டைவிட ஆட்டம்தான் முக்கியம். இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவாக உயர்த்துவார்கள். மற்றவர்கள் வரிசையாக அதன் அடியில் நுழைந்து போவார்கள். பாட்டு முடியும் நொடியில் கைகள் சட்டென்று இறங்க, யாராவது ஒருவர் அகப்பட்டுக்கொள்வார். ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்ததாம்’ என்று நம் பிள்ளைகள் ஆடுவதும் இதே ஆட்டம்தானே! உங்கள் மாமியாரும் சிறுவயதில் ஆடியிருக்கக்கூடும். பேத்திக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாலம் ஏன் விழுகிறது என்று குழந்தை கேட்டால், ஆற்றில் பனிக்கட்டி வந்து மோதியது, மறுபடியும் கட்டினார்கள் என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு அது போதும்.