தற்காலிக ஆசிரியர் வேலைக்கு 2 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். வயது 22, பி.சி. பிரிவு. பி.எட். படிக்கவில்லை. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு யு.பி.எஸ்.சி. எழுத ஆசை. அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாகவும், பின்னால் அது நிரந்தரமாகிவிடும் என்றும் சொல்லி ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸாக ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத்தான் தற்காலிகமாக நிரப்பினார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் மாதம் 10,000 ரூபாய், பிறகு 15,000. கல்வியாண்டு முடிந்தாலோ நிரந்தர ஆசிரியர் வந்து சேர்ந்தாலோ வேலை போய்விடும். பத்து மாதம் முழுசாக வேலை பார்த்தாலும் 1.5 லட்சம்தான் வரும். அவர் கேட்பதோ 2 லட்சம். அதைவிட முக்கியம், பி.எட். இல்லாத உங்களுக்கு அந்தப் பணிக்கான தகுதியே கிடையாது. இது தெரிந்தேதான் அவர் விலை பேசுகிறார்.

‘பின்னால் நிரந்தரமாகும்’ என்ற பேச்சை நம்பி வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் ஏராளம். 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பத்து வருடம் கழித்தும் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பொறுப்புள்ள ஒரு துறை இப்படி நடத்தக் கூடாது. இந்த நிச்சயமின்மையை வைத்துத்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். அரசு உதவி பெறும் பள்ளியில் ‘போஸ்டிங்’ வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரும் இதே ரகம்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். விரும்பிக் கொடுத்தவருக்கு அந்த வழியும் இல்லை.

உங்கள் நோக்கத்துக்குப் பொருத்தமானது, ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பட்டதாரிகளை அனுப்பும் டீச் ஃபார் இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தின் ஃபெல்லோஷிப். இரண்டு வருட முழுநேர வேலை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு, பி.எட். தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. சென்னை கிடைக்கும் என்று உறுதி கிடையாது. புனே, டெல்லி, ஹைதராபாத் என்று எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள். தேர்வின் கடைசிக் கட்டத்தில் ஐந்து நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பின்னம் என்றால் வரையறையில் தொடங்கி, கூட்டல் கழித்தல் வரை சொல்லப் பார்ப்பார்கள். ஒரே கேள்வியை எடுங்கள்: 1/3 பெரிதா, 1/4 பெரிதா? ஒரே அளவுள்ள இரண்டு தாளை மடித்துக் காட்டுங்கள். 4 பெரிய எண் என்பதால் 1/4தான் பெரிது என்று யாராவது சொன்னால் உடனே திருத்தாதீர்கள்; ஏன் என்று கேளுங்கள். தேர்வாளர்கள் பார்ப்பது அதைத்தான்.

அரசுப் பள்ளியில் நிரந்தர வேலைதான் வேண்டுமென்றால் அது வேறு பாதை. பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள் (150க்கு 90, உங்கள் பிரிவுக்கு அதைவிடக் குறைவு), அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. வருடத்துக்கு ஒரு முறையாவது டெட் வைக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இங்கே 2013க்குப் பிறகு 2025 வரை நான்கு முறைதான் வைத்தார்கள். அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

யு.பி.எஸ்.சி.யில் இந்த இரண்டு வருடத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. 275 மதிப்பெண் நேர்முகத் தேர்வில் கேள்வியாக வரும், அவ்வளவுதான். வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். உங்கள் பிரிவுக்கு மத்திய அரசுப் பட்டியலில் உள்ள பெயரான ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் 35 வயது வரை, ஒன்பது முயற்சிகள். கிரீமி லேயரில், அதாவது ஓ.பி.சி.யிலேயே வசதியான குடும்பங்களின் வரிசையில் வந்தால் 32 வயது, ஆறு முயற்சிகள்தான். முயற்சிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்ணப்பித்து, ஹால் டிக்கெட்டும் எடுத்து, முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸ் எழுதப் போகாவிட்டால் அது கணக்கில் வராது. காலையில் முதல் தாளை மட்டும் எழுதிவிட்டு மதியத் தாளை விட்டுவிட்டால் ஒரு முயற்சி போனதுதான். ‘சும்மா எழுதிப் பார்க்கிறேன்’ என்று ஃபெல்லோஷிப் நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு முயற்சியை வீணாக்காதீர்கள். அந்த இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டாலும் சரி, தயாராகாமல் தேர்வறைக்குள் போக வேண்டாம்.

அந்த இடைத்தரகருக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டக் குற்றப்பிரிவில் எப்படிப் புகார் கொடுப்பது என்று அவர் சொல்வார்.